சாத்தியமில்லாத வெளிகளில் வழி கண்டுபிடிப்பது எப்படி: புதிர் கேம்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக விளையாடுபவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப நடக்கும். அறைக்குள் நுழைந்ததும் நேராகக் கதவுக்குப் போவார். திறக்காது. கண்ணில் பட்ட எல்லாவற்றையும் அமுக்குவார், எதுவும் நடக்காது. பத்து நிமிடத்தில் "இதற்கு லாஜிக்கே இல்லை" என்று எழுந்துவிடுவார்.

லாஜிக் இருக்கிறது, அதுவும் மிகக் கறாராக. இந்தக் கேம்களில் கதவைத் திறப்பது இரண்டாவது வேலை. நீங்கள் நிற்கும் வெளி, அதாவது உங்களைச் சுற்றியுள்ள இடம், எந்த விதிப்படி இயங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். விதிகளை விளக்குகிறேன், புதிர்களின் விடைகளைச் சொல்லப் போவதில்லை.

1. தொடங்கும் முன்

முதலில் செட்டிங்ஸைத் திறந்து மோஷன் ப்ளர் (அசையும்போது காட்சி மங்குவது), கேமரா குலுங்கல், நடக்கும்போது தலை ஆடுவது ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். பார்வைக் கோணத்தை மாற்ற முடிந்தால் 90 டிகிரிக்குப் பக்கத்தில் வையுங்கள். கண் அசைவைப் பார்க்கிறது, உடம்பு அசையவில்லை. இந்த முரண்பாடுதான் குமட்டலுக்குக் காரணம். தரை சுவராகவும் சுவர் தரையாகவும் மாறும் கேம்களில் இது இரட்டிப்பாகும். லேசாகத் தலை சுற்றினாலே நிறுத்துங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அன்றைக்கு மறுபடி உட்கார முடியாது.

ஒரு நோட்டும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். இது கட்டாயம். வழக்கமான இடங்களில் வந்த வழி மனதில் தானாகவே பதிந்துவிடும். அந்தத் திறமை இங்கே உதவாது, சில சமயம் தப்பான வழியையே காட்டும்.

விடை சொல்லும் வீடியோக்களை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். ஒரு விதியை நீங்களே கண்டுபிடிக்காவிட்டால் அதன் மேல் கட்டிய அடுத்த பத்துப் புதிர்களுக்கும் வீடியோ தேவைப்படும்.

2. எந்த வரிசையில் விளையாடுவது

ஒரே நேரத்தில் ஒரு புது விஷயத்தைத்தான் மூளை ஏற்கும். அதனால் கேமரா அசையாத கேமில் தொடங்கி, கேமரா சுழலும் கேமுக்குப் போய், அப்புறம் நீங்களே உள்ளே நடக்கும் கேமுக்கு வாருங்கள்.

நான் சொல்லும் வரிசை இது: மான்யுமென்ட் வேலி, ஃபெஸ், போர்ட்டல், சூப்பர்லிமினல், மேனிஃபோல்ட் கார்டன், ஆன்டிசேம்பர். எக்கோக்ரோம் கிடைத்தால் ஃபெஸ்ஸுக்கு முன்னால் வையுங்கள். 2008-இல் சோனியின் பிஎஸ்பி, பிஎஸ்3 கேம் கருவிகளுக்கு வந்தது என்பதால் எல்லோருக்கும் கிடைக்காது.

ஆன்டிசேம்பரைப் பலர் பேரைக் கேட்டு முதலிலேயே எடுக்கிறார்கள். அருமையான கேம்தான், ஆனால் அது ஒரே விதியோடு நிற்காது. அறைக்கு அறை விதி மாறும். மற்றவற்றில் கண் பழகிய பிறகு வந்தால்தான் அதன் ருசி தெரியும்.

3. நிற்கும் வெளி எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

விசித்திரமான வெளிகள் பல மாதிரி தெரிந்தாலும் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும். திரையில் தெரிவதையே உண்மையாக எடுத்துக்கொள்ளும் வெளி முதல் வகை. அறைகளைத் தாறுமாறாக ஒட்டிய வெளி இரண்டாவது. அளவு நிலையாக இல்லாத வெளி மூன்றாவது. நிஜமாகவே வளைந்த, அல்லது சுற்றித் தன்னிடமே திரும்பி வரும் வெளி நான்காவது.

வகை தெரியாமல் புதிரைத் தொட்டால் எல்லா முயற்சியும் குருட்டாம்போக்கில்தான் போகும். உள்ளே நடக்கும் கேம் என்றால் எந்தப் புது இடத்திலும் கீழே உள்ள சோதனைகளை முதலில் செய்யுங்கள். சில நிமிடங்கள்தான் ஆகும்.

நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று திரும்புங்கள். முதலில் பார்த்த சுவர் அப்படியே இருக்கிறதா? இல்லையென்றால், நீங்கள் பார்க்காத நேரத்தில் இந்த இடம் மாறுகிறது.

வந்த வழியே திரும்பிப் போங்கள். அப்புறம் அதையே முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கி நடந்து செய்யுங்கள். இரண்டும் வெவ்வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டால், நடப்பதோடு பார்ப்பதும் இங்கே ஒரு செயல் என்று அர்த்தம்.

தூக்க முடிந்த ஒரு பொருளை அடையாளமாக விட்டுவிட்டு ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நீங்கள் வந்து சேர்ந்தது அதே அறையா, அதேபோலத் தெரியும் வேறு அறையா என்பது அந்தப் பொருளைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

கடைசியாக இடதுபக்கத் திருப்பச் சோதனை. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஒரு கட்டம் நேராக நடந்து இடது பக்கம் செங்கோணத்தில் திரும்புங்கள். மறுபடி ஒரு கட்டம், மறுபடி இடது. சாதாரண வெளியில் நான்கு முறை செய்தால் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடுவீர்கள். மூன்றே முறையில் வந்துவிட்டால் அந்த மூலையைச் சுற்றி இடம் குறைகிறது. ஐந்தாவது முறைதான் வர முடிகிறது என்றால் கூடுதல் இடம் ஒளிந்திருக்கிறது.

அதோடு நிறுத்திவிடாமல் வேறொரு மூலைக்குப் போய் இதையே செய்யுங்கள். எங்கே செய்தாலும் ஐந்துதான் வருகிறது என்றால் அந்த வெளி முழுவதுமே வளைந்தது. ஒரு தூணைச் சுற்றி மட்டும் ஐந்து, மற்ற இடங்களில் நான்கு என்றால் அங்கே யாரோ இரண்டு தாழ்வாரங்களை ஒட்டவைத்திருக்கிறார்கள், மற்ற இடமெல்லாம் சாதாரணம். பெரும்பாலான கேம்களில் நீங்கள் பார்ப்பது இந்த இரண்டாவதுதான். இந்த வேறுபாடு தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

4. கேமரா அசையாத கேம்: திரை சொல்வதை நம்புங்கள்

மான்யுமென்ட் வேலியில் விதி ஒன்றுதான். இரண்டு பாதைகள் திரையில் தொட்டுக்கொண்டால் நீங்கள் நடத்திச் செல்லும் இடா அவற்றின் மேல் நடப்பாள். ஒன்று கோபுர உச்சியிலும் மற்றொன்று அடிவாரத்திலும் இருக்கலாம், அதைப் பற்றிக் கேமுக்குக் கவலையில்லை.

இது எப்படிச் சாத்தியம் என்று ஒருமுறை பென்சிலால் வரைந்து பாருங்கள், அதற்குப் பிறகு மறக்காது. தாளில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து வலப்பக்கக் கீழ்ச்சாய்வில், கிடைக்கோட்டுக்கு 30 டிகிரியில், ஒரு கோடு. அதன் நுனியிலிருந்து இடப்பக்கக் கீழ்ச்சாய்வில் அதே 30 டிகிரியில், அதே நீளத்தில் இன்னொரு கோடு. அங்கிருந்து நேராக மேலே அதே நீளத்தில் மூன்றாவது கோடு. தொடங்கிய புள்ளிக்கே வந்துவிடுவீர்கள்.

கட்டடத்தில் இந்த மூன்று கோடுகளும் முன்னே ஒரு கட்டம், பக்கவாட்டில் ஒரு கட்டம், உயரத்தில் ஒரு கட்டம். அதாவது நிஜத்தில் விலகி இருக்கும் இரண்டு இடங்கள் திரையில் ஒரே புள்ளியாகின்றன. தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியாத வரையும் முறை இது என்பதால், எது அருகில் எது தொலைவில் என்று கண்ணால் சொல்லவே முடியாது.

ஆக, செய்ய வேண்டிய வரிசை: இடாவை அசைக்கும் முன் சுழற்றக்கூடிய, இழுக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் எந்தெந்த விளிம்புகள் புதிதாகத் தொட்டுக்கொள்கின்றன என்று கவனியுங்கள். பிறகு போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்து பின்னோக்கி யோசியுங்கள்.

புதியவர்களின் வழக்கமான தவறு, கட்டடத்தை மனதுக்குள் முப்பரிமாணத்தில் கட்டிப் பார்ப்பது. கட்டட வரைபடம் பார்த்துப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். இன்னொன்று, சில சுழல் கைப்பிடிகள் இடா அந்தப் பகுதியில் நிற்கும்போது உள்ளே மடங்கிக்கொள்ளும். கேம் கோளாறு என்று நினைக்காதீர்கள். அவளை அந்தப் பகுதியிலிருந்து இறக்கிவிட்டுத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

5. கேமராவைச் சுழற்றும் கேம்: சுழற்றினால் எது மாறாது என்று பாருங்கள்

எக்கோக்ரோமில் உருவம் தானாகவே நடந்துகொண்டிருக்கும், நீங்கள் பார்வைக் கோணத்தை மட்டும் மாற்றுவீர்கள். பாதையில் இடைவெளி இருந்தால் அதை ஒரு தூணால் மறைக்கும்படி திருப்புங்கள். மறைந்த இடைவெளி இல்லாத இடைவெளி. ஓட்டைக்கும் இதே விதி. விழும்போது திரையில் கீழே எது தெரிகிறதோ அதன் மேல்தான் உருவம் இறங்கும்.

ஃபெஸ்ஸில் கொஞ்சம் வேறு மாதிரி. நீங்கள் இயக்கும் கோமெஸ் எப்போதும் தட்டையான உலகத்தில் நடக்கிறான், நீங்கள் அந்த உலகத்தை 90 டிகிரி வீதம் திருப்பலாம். ஆக நான்கே பார்வைகள். ஒவ்வொன்றிலும் ஆழம் கணக்கில் வராது.

இங்கே எல்லோரும் கண்மண் தெரியாமல் திருப்பிக்கொண்டே இருப்பார்கள், ஏதாவது பொருந்தாதா என்று. அதைவிட நல்ல வழி இருக்கிறது. உலகம் செங்குத்தான அச்சில்தான் சுழல்கிறது. அதனால் எத்தனை முறை திருப்பினாலும் எந்த மேடையின் உயரமும் மாறாது, இடவல நிலை மட்டுமே மாறும். எனவே முதலில் உயரத்தைப் பாருங்கள். கோமெஸ் தாவி எட்டக்கூடிய உயரத்தில் எந்த மேடைகள் இருக்கின்றன என்று நான்கு பார்வைகளிலும் தேடுங்கள். அப்புறம், எந்தப் பார்வையில் அது பக்கத்தில் வருகிறது என்று பார்த்தால் போதும். உயரமே பொருந்தாத மேடைக்காகத் திருப்பித் திருப்பி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஃபெஸ்ஸில் சுவர்களில் உள்ள குறியீடுகளும் ரகசிய எழுத்துகளும் வெளியின் வடிவத்தோடு சம்பந்தமில்லாத தனிப் புதிர்கள். நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். திருப்பிப் பார்த்து அவற்றுக்கு விடை தேடினால் ராத்திரி முழுக்கப் போய்விடும்.

6. அளவு மாறும் வெளி: பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

சூப்பர்லிமினலில் ஒரு பொருளைத் தூக்கினால் அது உங்கள் கண்ணுக்குத் தெரிந்த அளவிலேயே திரையில் நிற்கும். விடும்போது, பின்னால் உள்ள சுவரிலோ தரையிலோ இடிக்காமல் எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய் விழும். திரையில் அதே அளவு தெரிய வேண்டும் என்பதால், தூரம் கூடக்கூடப் பொருள் நிஜத்தில் பெரிதாகும்.

கணக்கு எளிது. ஒரு மீட்டர் தள்ளியிருந்த பொருளைத் தூக்கி, பத்து மீட்டர் தள்ளியுள்ள சுவரைப் பார்த்தபடி கையிலிருந்து விட்டால், அதன் நீளம், அகலம், உயரம் எல்லாம் கிட்டத்தட்டப் பத்து மடங்காகும். சுருக்க இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பொருளை வைத்துவிட்டுத் தூரமாகப் போங்கள். அங்கிருந்து அது குட்டியாகத் தெரியும். அந்த நிலையில் தூக்கி, காலடித் தரையைப் பார்த்தபடி கையிலிருந்து விடுங்கள்.

புதியவர்கள் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே முன்னும் பின்னும் நடப்பார்கள், அளவு மாறும் என்று எதிர்பார்த்து. தூக்கும்போது திரையில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது, விடும்போது பின்னணி எவ்வளவு தூரத்தில் இருந்தது, இந்த இரண்டு கேள்விகள்தான் முக்கியம். நடுவில் எங்கே நடந்தாலும் கணக்கு மாறாது. ஒரே தடவையில் போதவில்லை என்றால் விட்டு, இடம் மாறி, மறுபடி தூக்குங்கள். வேண்டிய அளவு வரும்வரை இதையே தொடரலாம்.

7. திரும்பத் திரும்ப வரும் வெளி: விழப் பழகுங்கள்

மேனிஃபோல்ட் கார்டனில் உலகம் எல்லாத் திசையிலும் முடிவில்லாமல் தன்னையே பிரதி எடுத்துக்கொண்டிருக்கும். விளிம்பிலிருந்து குதித்தால் கீழே தெரியும் கட்டடத்தின் மேல் விழுவீர்கள். அது நீங்கள் குதித்த அதே கட்டடம்தான்.

முதல் பயிற்சியாக, எந்தப் புதிரையும் தொடாமல் விளிம்புக்குப் போய்க் குதியுங்கள். அடிபடாது, சாகவும் மாட்டீர்கள். விழும்போது காற்றிலேயே உங்களைப் பக்கவாட்டில் நகர்த்த முடியும். எங்கே இறங்குவது என்று குறிவைத்துச் சில முறை பழகுங்கள். மேலே எட்டாத மாடி ஒன்று இருந்தால் அதன் பிரதி உங்களுக்குக் கீழேயும் இருக்கிறது. ஏறுவதற்கான வழி பல நேரம் குதிப்பதுதான். இது புத்தியில் ஏறும்வரை புதியவர்கள் விளிம்பிலேயே நின்று படிக்கட்டு தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது ஈர்ப்புத் திசை. மொத்தம் ஆறு திசைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். சுவருக்குப் பக்கத்தில் போய் அதையே தரையாக்கலாம். கனசதுரங்களுக்கும் நிறம் உண்டு, தன் நிறத்துக்குரிய ஈர்ப்பு இருக்கும்போதுதான் ஒரு கனசதுரத்தைத் தூக்க முடியும். மற்ற நேரங்களில் அது இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கும்.

இந்த உறைதல்தான் கேமின் உயிர். தூக்க முடியவில்லையே என்று எரிச்சல்படாமல், அசையாத ஒரு தாங்கி கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு நிறக் கனசதுரத்தை வைத்துவிட்டு ஈர்ப்பை மாற்றினால் அது இன்னொன்று விழாமல் தடுக்கும் மேடையாகும். எந்த அறையிலும் முதலில் கேட்க வேண்டியது: இப்போது எது அசையும், எது உறைந்திருக்கிறது?

8. தாறுமாறாக ஒட்டிய அறைகள்: வரைபடத்தை வேறு மாதிரி வரையுங்கள்

கட்டம் போட்ட தாளில் அறைகளை அளவோடு வரைய ஆரம்பித்தால் ஆன்டிசேம்பரில் நாலாவது அறையிலேயே கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடும். இந்த வெளியில் தூரமும் திசையும் நம்பத்தகுந்தவை அல்ல. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் நம்பத்தகுந்தது.

எனவே ஒவ்வோர் அறைக்கும் ஒரு வட்டம் போட்டு, உள்ளே கண்ணில் பட்ட ஏதாவது ஓர் அடையாளத்தை எழுதுங்கள். வட்டங்களுக்கு நடுவில் அம்புக்குறி போடுங்கள், கோடு வேண்டாம். ஏனென்றால் போன வழியில் திரும்ப முடியும் என்று உறுதியில்லை. திரும்பி வர முடிந்ததைச் சோதித்த பிறகே அம்பின் மறுநுனியையும் வரையுங்கள். அம்பின் மேல் எப்படிப் போனீர்கள் என்றும் எழுதுங்கள்: நடந்து, பின்னோக்கி நடந்து, விழுந்து, திரும்பிப் பார்த்துவிட்டு.

கேமிலேயே ஒரு வரைபடம் உண்டு. எஸ்கேப் பட்டனை அமுக்கினால் எங்கிருந்தாலும் தொடக்க அறைக்கு வந்துவிடுவீர்கள், அங்கே சுவரில் இருக்கும் வரைபடத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து நேராக அங்கே போகலாம். இதைப் பயன்படுத்தத் தயங்குகிறார்கள், தோற்றுவிட்டதாக நினைத்து. அப்படியில்லை, அது இந்தக் கேமின் வழக்கமான நடை.

அதே அறையில் ஒன்றரை மணி நேரத்திலிருந்து குறைந்துகொண்டே வரும் ஒரு கடிகாரமும் இருக்கும். அது முடிந்தால் எதுவும் ஆகாது. அதைப் பார்த்துப் பதறி ஓடுபவர்கள் நிறையத் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் இங்கே மெதுவாக நடப்பதற்கும் நின்று கவனிப்பதற்கும் பலன் உண்டு.

கனசதுரங்களைக் கையாளும் துப்பாக்கிகள் வெவ்வேறு நிறங்களில் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். பின்னால் கிடைக்கும் துப்பாக்கி இல்லாமல் முடிக்கவே முடியாத அறைகள் உண்டு. ஆகவே ஓர் அறையில் எல்லா வழியும் அடைபட்டால் நோட்டில் குறித்துவிட்டு வேறு பக்கம் போங்கள்.

9. நிஜமாகவே வளைந்த வெளி

ஹைப்பர்ரோக், 2022-இல் வந்த ஹைப்பர்போலிக்கா இரண்டும் இந்த வகை. இவற்றைப் புதிர் கேம் என்று முழுதாகச் சொல்ல முடியாது, ஆனால் மூன்றாம் பகுதியில் சொன்ன திருப்பச் சோதனையை ஒவ்வொரு மூலையிலும் உணர வேண்டுமானால் இவற்றில்தான் முடியும்.

இங்கே மைய இடத்திலிருந்து விலக விலக இடம் மளமளவென்று பெருகும். அதனால் திரும்பும்போது கோணம் கொஞ்சம் பிசகினாலும் புறப்பட்ட இடத்தைப் பார்க்காமலே கடந்துவிடுவீர்கள். "அந்தப் பக்கம்தான் இருந்தது" என்று உத்தேசமாகப் போகக் கூடாது, வந்த அடிகளை அப்படியே திருப்பி நடக்க வேண்டும். ஒரு வட்டம் சுற்றி அதே இடத்துக்கு வந்தாலும் உலகம் கொஞ்சம் சுழன்ற மாதிரி இருக்கும். அதுவும் வளைவின் விளைவுதான். திசையை நினைவில் வைக்காமல், கண்ணில் படும் அடையாளங்களை வரிசையாக நினைவில் வையுங்கள்.

10. மாட்டிக்கொண்டால்

முதலில் இந்த அறையில் இதுவரை பயன்படுத்தாத பொருள் எது என்று பாருங்கள். நன்றாக வடிவமைத்த அறையில் சும்மா கிடக்கும் பொருள் அபூர்வம்.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டுக் கதவு திறந்தால், எதனால் திறந்தது என்று தெரியாது. அந்த விதி அடுத்த அறையில் வேறு உடையில் வரும்போது மறுபடி முதலிலிருந்து தேடுவீர்கள். 2023-இல் வந்த வியூஃபைண்டர் மாதிரிக் கேம்களில் நேரத்தைப் பின்னோக்கி ஓட்ட முடியும், பெட்டிக்குள் பெட்டியைத் தள்ளும் பேட்ரிக்ஸ் பாராபாக்ஸில் எத்தனை அடி வேண்டுமானாலும் பின்வாங்கலாம். இந்த வசதி இருக்கும்போது வேண்டுமென்றே தப்பான அடியை எடுத்து வைத்து என்ன ஆகிறது என்று பாருங்கள். பெட்டி தனக்குள்ளேயே நுழைந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துத் தெரிந்துகொள்ள முடியாது, தள்ளித்தான் பார்க்க வேண்டும்.

அப்படியும் நகரவில்லை என்றால், இந்தக் கேம் உங்களுக்கு முந்தைய அறையில் என்ன கற்றுக்கொடுத்தது என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையா? அந்த அறையைத் தற்செயலாகக் கடந்திருக்கிறீர்கள். திரும்பிப் போய் அதையே இன்னொரு முறை, இந்த முறை ஒவ்வோர் அடிக்கும் காரணம் தெரிந்து, முடித்துவிட்டு வாருங்கள்.